அலையாத்திக் காட்டில் நான் கட்டிய அணை

தண்ணீர் விவகாரத்தில் என்னை மிஞ்ச இந்தக் கடைமடைப் பகுதியில் ஆள் கிடையாது. இதை மற்றவர்கள் சொல்ல நாம் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அழகு. அவர்கள் சொல்லத் தாமதமானதால் பல வருடங்களாக நானே சொல்லி வருகிறேன்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. (அதுவும் முழுசாக இல்லை. அந்த வருடம் அறுவடை சீக்கிரம் வந்துவிட்டது.) அடுத்தவர் வயலில் கூலிக்கு வரப்பு வெட்டியவன், குத்தகைக்கு எடுத்தேன், பிறகு சொந்தமாக வாங்கினேன், டிராக்டர் வாங்கினேன். இன்று மன்னார்குடியில் எந்த உரக்கடைக்குள் நான் நுழைந்தாலும் முதலாளி எழுந்து நிற்கிறார். இயற்கை விவசாயத்துக்கு மாறி, உரம் வாங்குவதையே நிறுத்திய பிறகும் நிற்கிறார். (கடைக்கு எதிரில் மறுபடி கூட்டம் போட்டுப் பேசிவிடுவேனோ என்ற பயத்தில் எழுகிறார் என்பது என் மனைவி கோமதியின் கருத்து.)

இந்தப் பெயரெல்லாம் எனக்கு வந்தது உடைப்பு அடைத்துத்தான். மழைக்காலத்தில் வாய்க்கால் கரை எங்கே பிய்த்துக்கொண்டாலும் "கூப்பிடு கலியபெருமாளை" என்பார்கள். மூங்கில் முளை அடித்து, தென்னை மட்டையைக் குறுக்கே கொடுத்து, மண் மூட்டையை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்து, நான் அடைத்தால் அடைத்ததுதான். அதிலும் கடைமடைக்காரனுக்கு உப்புத் தண்ணீர் என்றாலே உடம்பு பதறும். கடல் ஏறி வந்து ஒரு தடவை வயலுக்குள் புகுந்தால் அந்த மண் நெல்லை மறந்துவிடும். ஆகவே உப்புத் தண்ணீர் உள்ளே வருவதைக் கண்டால் என் கை மூளையைக் கேட்காது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் என் மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் மிஞ்சும்.

பெரிய புயல் ஒன்று அடித்து எங்கள் தென்னை எல்லாம் படுத்துவிட்ட பிறகு, முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த மீனவர் குடியிருப்புகளில் மட்டும் கூரை மிஞ்சியிருந்ததைப் போய்ப் பார்த்தேன். காற்றைக் காடு மறித்துக்கொண்டதாம். அப்போதே மனசில் ஒன்று விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் இயற்கை விவசாயக் கூட்டத்துக்கு நிவேதா வந்தாள். மன்னார்குடியில் தாவரம் படித்துவிட்டு, காடு வளர்க்கும் தன்னார்வலர்களைத் திரட்டிக்கொண்டிருந்த பெண்.

"காடு அழிஞ்சு பொட்டலா கிடக்கிற இடத்துல திரும்ப அலையாத்தி நடப் போறோம். உங்கள்ல யாராவது..." என்றாள்.

அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் மேடையில் இருந்தேன்.

வேலை நடந்த இடம், கடலோடு சேர்ந்து கிடக்கும் காயலை ஒட்டிய பொட்டல். அங்கே மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். நடுவில் பெரியது ஒன்று காயலில் போய்ச் சேரும், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளைகள். சரிவுகளில் கன்றுகள். நட்டதெல்லாம் பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி பாக்கியம். அவர் நடந்து வந்தால் நண்டு வளைக்குள் போகும். மீன் குறைந்துபோன அந்த ஊர்ப் பெண்களுக்கு இந்த நடவு ஒரு பெரிய பிடிமானம். இது வெறும் மாதிரித் துண்டுதான். வெள்ளிக்கிழமை வனத்துறை அதிகாரி வந்து பார்ப்பார். கன்றுகள் உயிரோடு இருந்தால் அந்தப் பக்கம் கிடக்கிற மொத்தப் பொட்டலையும் நட்டு வளர்க்கும் பொறுப்பு பாக்கியம் குழுவுக்குக் கிடைக்கும். செத்திருந்தால் வேலை வேறு கரைக்குப் போய்விடும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணும் சாவக் கூடாது. சொல்லிட்டேன்" என்று பாக்கியம் தினமும் கன்றுகளை மிரட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

வாய்க்கால் எதற்கு, அதில் என்ன நடக்கும் என்று நிவேதா எல்லாருக்கும் விளக்கமாகச் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். ஆனால் அதே நேரத்தில் பக்கத்தில் இருந்தவருக்கு நான் வேறொன்றை விளக்கிக்கொண்டிருந்தேன். நான் போன நாள்களில் எல்லாம் வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

அதிகாரி வரும் அதே வாரம் புதன்கிழமை பாக்கியத்தின் தங்கை மகளுக்கு வெளியூரில் கல்யாணம். குடியிருப்பே கிளம்பியது. நிவேதாவும் மற்ற பிள்ளைகளும் நன்னிலம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் காட்டைப் பற்றிப் பாடம் எடுக்கப் போய்விட்டார்கள். எல்லாரும் வெள்ளிக்கிழமை காலையில்தான் திரும்புவார்கள், அது வரை காவலுக்கு ஆள் வேண்டும். கையைத் தூக்கியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆடு மாடு வராம பாத்துக்கிட்டா போதும்ண்ணே. வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்றார் பாக்கியம்.

"நான் இருக்கேன்ல."

"அதான் சொல்றேன். வேற ஒண்ணும் செய்யாதீங்க."

புதன்கிழமை மத்தியானம் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது! முழங்கால் அளவு. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு! காயலில் இருந்து கடல் உள்ளே வருகிறது. கிளை வாய்க்கால்களில் எல்லாம் புகுந்து, சரிவில் இருந்த கன்றுகளின் கழுத்து வரை வந்துவிட்டது. வயலில் நட்ட நாற்று முழுகினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. கூடவே பாக்கியத்தின் முகமும் வந்தது. மண்வெட்டியைத் தூக்கினேன்.

அந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேலி போட வைத்திருந்த மூங்கில் கழிகளை எடுத்து வாய்க்கால் வாயில் இரண்டு வரிசை முளை அடித்தேன். நடுவில் தென்னை மட்டை. கன்று கொண்டுவந்த சாக்குகளில் சேறு நிரப்பி அடுக்கினேன். அறுபதைத் தாண்டிய உடம்பு, ஒற்றை ஆள், எதிரில் வங்காள விரிகுடா! கடைசியில் அடியில் ஒரே ஒரு ஓட்டை மட்டும் சீறிக்கொண்டே இருந்தது. மட்டை கேட்கவில்லை, சேறு கேட்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். அடைக்க வேறு பொருள் இல்லை. கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து உருட்டி உள்ளே திணித்து, மேலே மிதித்தேன். தண்ணீர் நின்றது.

பட்டாபட்டி டிராயரோடு கரையில் ஏறி நின்று கோமதிக்குப் போன் போட்டேன்.

"கோமதி, கடல அடைச்சிட்டேன்."

"எத?"

"கடல."

"வெயில்ல நிக்காதீங்க. வீட்டுக்கு வாங்க" என்றாள்.

மொபெட்டில் வைத்திருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். ராத்திரி சாப்பிடும்போது நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை சொல்லும்போது கோமதி சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பாட்டை முடித்து எழுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை போனால், உள்ளே இருந்த தண்ணீர் பாதி கீழே இறங்கி, மீதி வெயிலில் சுண்டிப்போய், மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. எனக்குக் கவலை இல்லை. நட்ட வயலில் தண்ணீரை வடித்துக் காயவிட்டால் வேர் நன்றாகப் பிடிக்கும், எங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் தெம்புக்கு இருக்கட்டும் என்று, சுற்றுவட்டாரத்தில் பேர்போன என்னுடைய பஞ்சகவ்யத்தைக் கரைத்துத் தெளித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சரிகைக்கரை வேட்டி, சலவைச் சட்டை, பையில் பேனா. (எழுதுவதற்கு அல்ல.) அணையின் மேல் நின்றேன். காயல் பக்கமிருந்து படகு வந்தது. அதிகாரி ஒரு அம்மா. கூடவே நிவேதா, பாக்கியம். பின்னால் இன்னொரு படகில் பெண்கள். வாய்க்காலுக்குள் திரும்பிய வேகத்தில் படகு நேராக என் அணையில் மோதி நின்றது. அதிகாரியின் தொப்பி தண்ணீரில் விழுந்தது. அணை அசையவில்லை.

"என்னது இது?" என்றார் அதிகாரி.

"அணைங்க மேடம். கடல் உள்ள பூந்துடுச்சு. நான் மட்டும் இல்லேன்னா செடி பூரா முழுகிப் போயிருக்கும்."

யாரும் கை தட்டவில்லை. நிவேதாவின் முகத்தைப் பார்த்தேன். அழப்போகிற முகம்.

"ஐயா, கடல் உள்ள வந்துட்டுப் போகணும்னுதான் இந்த வாய்க்காலே வெட்டுனோம். ஓதம் ஏறும், எறங்கும், உப்பக் கழுவிட்டுப் போகும். அடைச்சா உப்பு அப்படியே தங்கி செடி கருகிடும். அன்னிக்குச் சொன்னேனே ஐயா."

பாக்கியம் படகில் இருந்து அணை மேல் தாவி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பிறகு எடுத்தார்.

"அடப்பாவி மனுசா! ஆட்டத்தான பாத்துக்கச் சொன்னேன்? ஆடு வந்திருந்தாக்கூட நாலு இலையத் தின்னுட்டுப் போயிருக்குமே!"

அதிகாரி இறங்கிக் கன்றுகளுக்கு நடுவில் நடந்தார். குனிந்து முகர்ந்தார். "இங்க யாரு புளிச்ச மோரக் கொட்டுனது?" என்றார். என் பஞ்சகவ்யத்தை ஒரு பெண் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. (கோமதி சொன்னதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

"எனக்கு அக்கரையில வேலை இருக்கு. சாயங்காலம் இப்படியே திரும்பி வருவேன். அப்ப என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு, படகைத் திருப்பச் சொல்லிப் போய்விட்டார்.

மத்தியான ஓதம் ஏற ஆரம்பித்திருந்தது. அது உள்ளே போனால்தான் கன்றுகள் பிழைக்கும். பெண்கள் எல்லாரும் சேர்ந்து அணையை இழுத்தார்கள். பெயரவில்லை. கயிறு கட்டிப் படகால் இழுத்துப் பார்த்தார்கள். கயிறு அறுந்தது. நான் கட்டினால் அப்படித்தான். அந்த நிலைமையிலும் என் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்ததை மறைப்பானேன்?

"இவ்வளவு நல்லா எதுக்குண்ணே கட்டுனீங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் பாக்கியம். அந்தக் கேள்வி முகத்தில் அறைந்தது. பின்னால் அத்தனை பெண்களும் சேறும் சகதியுமாக, கல்யாணத்துக்கு வைத்த மல்லிகை தலையில் வாடிப்போய் நின்றார்கள்.

சரிகைக்கரை வேட்டியோடு குதித்தேன்.

"ஐயா, வயசான காலத்துல வேணாம், மேல வாங்க!" என்று நிவேதா கத்தினாள்.

"அடைச்சவன் நான். தொறக்குறவனும் நான்தான். அது வரைக்கும் ஏற மாட்டேன்."

ஒவ்வொரு முளையையும் எந்தப் பக்கம் சாய்த்து அடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பக்கமாகவே ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தேன், பெண்கள் கைமாற்றிக் கரையேற்றினார்கள். கழுத்து வரை சேறு. கை தோல் உரிந்தது. மேல்வரிசை போய்விட்டது. அடிவரிசை மட்டும் கடலுக்கு எதிராக முண்டா தட்டிக்கொண்டு நின்றது. முங்கித் தடவினேன். துணி அகப்பட்டது. என் வேட்டி! இரண்டு கையாலும் பிடித்து, முட்டுக் கொடுத்து, ஒரே இழு.

அணை மொத்தமாக விட்டுக்கொடுத்தது. கடல் என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியது. நான் மல்லாக்க, பிறகு குப்புற, பிறகு எப்படி என்று தெரியாமல் வாய்க்காலோடு போனேன். கரையில் பெண்கள் கூடவே ஓடி வந்தார்கள். என்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்தேன்.

"செடி மேல விழுந்துடாதீங்க! அண்ணே, செடி! செடி!" என்று கத்திக்கொண்டு வந்தார் பாக்கியம்.

ஒரு கிளை வாய்க்காலின் மூலையில் செருகி நின்றேன். பையில் இருந்த பேனா போய்விட்டது. கையில் அந்தப் பழைய வேட்டி மட்டும் இருந்தது. இடுப்பில் இருந்த சரிகைக்கரை வேட்டியைக் கடல் எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் அதிகாரி வந்தபோது தண்ணீர் ஏறி, இறங்க ஆரம்பித்திருந்தது. வெள்ளைப் பூப்பு கரைந்து போயிருந்தது. கடைக்கோடியில் இருந்த கன்றுகள் கருகியது கருகியதுதான், அவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. மற்றவை இலை தொங்கினாலும் நின்றன. அதிகாரி ஒவ்வொரு கன்றாகக் குனிந்து தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பாக்கியம் பின்னாலேயே நடந்து, அதே தண்டைத் தானும் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு சுரண்டலும் என் முதுகில் விழுந்தது.

"உள்ள பச்சை இருக்கு" என்றார் அதிகாரி. இன்னொன்று. "இதுலயும் இருக்கு." கடைசியில் நிமிர்ந்தார். "கருகுன எடத்துல மறுபடி நட்டுடுங்க. மத்தது பொழச்சுக்கும். அந்தப் பொட்டலுக்கு நான் எழுதித் தர்றேன். ஆனா ஒரு நிபந்தனை. இந்தப் பெரியவர் கையில மம்முட்டி இருக்கக் கூடாது."

"அவ்வளவுதான மேடம்?" என்று கேட்டுக்கொண்டே பாக்கியம், மிச்சச் சேற்றை வார நான் கையில் எடுத்திருந்த மண்வெட்டியைப் பிடுங்கிவிட்டார்.

இப்போது அந்தப் பொட்டலில் என் உயரத்துக்கு மேல் காடு நிற்கிறது. பாக்கியம் குழு வளர்த்தது. நானும் தவறாமல் போகிறேன். வாய்க்கால் வாயில் மண் சேராமல் வெறுங்கையால் வாரிப் போடுவது என் பொறுப்பு. கடல் உள்ளே வரும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன். நிவேதா பள்ளிக்கூடங்களுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போகிறாள். ஓதம் என்றால் என்ன என்று அவள் படம் போட்டு விளக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். நான் எழுந்து, அதை அடைத்த கதையைச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காருகிறது. பக்கத்து வகுப்பு வாத்தியார்களும் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஐந்தாம் வகுப்பை முடிக்காதவனுக்கு இது போதாதா?

வீட்டில்தான் மரியாதை குறைந்துவிட்டது. குழாய் கசிந்தாலும், மாடித் தொட்டி வழிந்தாலும் "அப்பாகிட்ட சொல்லாதீங்க!" என்று ஆளுக்கு ஆள் எச்சரித்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் கூட, இங்கே மழை என்று கேள்விப்பட்டால் போன் போட்டு, அம்மாவிடம் முதலில் கேட்பது என் உடல்நிலையைப் பற்றி அல்ல. மழை வந்தால் மற்ற வீடுகளில் குடையைத் தேடி எடுப்பார்கள். எங்கள் வீட்டில் மண்வெட்டியைத் தேடி எடுத்து ஒளித்து வைக்கிறார்கள்.