இமயமலை ஏறிய தேங்காய்

மலை என்று ஒன்று இருந்தால் உச்சியில் சாமி இருப்பார் என்பது சின்ன காஞ்சிபுரத்துக்காரனான என் அசைக்க முடியாத நம்பிக்கை. எங்கள் வரதராஜர் இருபத்துநாலு படி ஏறினால் தரிசனம் தருவார். அதையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். அதை விட்டால் நான் ஏறியது சோளிங்கர், திருக்கழுக்குன்றம். இரண்டிலும் சாமி மேலேதான் இருந்தார்.

அம்மாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது, தியேட்டர் வாசலில் நின்று வேண்டிக்கொண்டேன். அவள் பிழைத்து வந்தால், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஒரு மலை ஏறி, உச்சியில் தேங்காய் உடைக்கிறேன் என்று. அம்மா பிழைத்து வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அவளிடம் சிரிப்பே இல்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் வேண்டுதலைத் தள்ளிப்போட்டதால்தான் இப்படி என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி கல்பனாவின் ஆபீஸ் நண்பர்கள் இமயமலைக்குக் கிளம்பினார்கள்; நாங்களும் சேர்ந்துகொண்டோம். காட்டு வழியாகச் செங்குத்தாக ஏறினால் மேலே பெரிய புல்வெளியாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! தேங்காயையும் கற்பூரத்தையும் என் பையில் சாக்ஸுக்கு நடுவே வைத்தேன். கல்பனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள். (அதில் ஒன்றைக் கேட்டிருந்தால் போதும்.)

காலையில் கைடு சுடச்சுட உருளைக்கிழங்கு ரொட்டி நீட்டினார். வயிறு சரியில்லை என்றேன். காட்டுக்குள் நுழைந்ததும் படிக்கட்டைத் தேடினேன். வேர்கள்தான் இருந்தன. மோர்ப்பந்தலும் இல்லை. மூன்றாவது மணி நேரத்தில் எதிரே இருந்த மரங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

"இன்னாங்க, இப்படி மூச்சு வாங்கிக்கினு வரீங்க? ஒரு வாய் தண்ணியாவது குடிங்க" என்றாள் கல்பனா.

"அப்புறம் குடிக்கிறம்மா."

சட்டென்று மரங்கள் முடிந்தன. கண்ணுக்கு எட்டியவரை புல், ஆடுகள், அதற்கப்பால் பனிமலை. எல்லாரும் சந்தோஷத்தில் கத்தினார்கள். நான் கோபுரத்தைத் தேடினேன். "மந்திர் கிதர்?" என்று கைடிடம் கேட்டேன். அவர் நாங்கள் வந்த வழியைக் காட்டினார். கோயில் அடிவாரத்தில், டீக்கடைக்குப் பக்கத்தில். காலையில் அதன் சுவரில் சாய்ந்துதான் நான் ஷூ லேஸ் கட்டினேன்.

கால் மடங்கி அப்படியே சரிந்தேன். பிஸ்கெட் தேடிப் பையைத் திறந்த கல்பனா தேங்காயை வெளியே எடுத்தாள்.

"இன்னாங்க இது?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பக்கத்துப் பாறையில் தேங்காயை உடைத்து, தண்ணீரை என் வாயில் ஊற்றினாள். குடித்துவிட்டு அழுதேன். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் கல்பனா ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ தேங்கா யாருக்குத்தான் ஒடைச்சீங்க?"

"இவருக்குத்தான் அத்தை."

அம்மா நெஞ்சுத் தழும்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருமல் வந்தது, அப்புறமும் சிரித்தாள். தையல் போட்ட இடம் வலிக்கப்போகிறது என்று நான் பதறினேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

இப்போதெல்லாம் பால் வாங்கச் செருப்பை மாட்டினாலும் உள்ளேயிருந்து அவள் குரல் வரும்: "டேய், அங்க சாமி இருக்குதான்னு கேட்டுக்கினு போடா!"

தினமும் சொல்லட்டும்.