ஏரியா ஜீரோ அக்காவுக்கு

மாரண்டஹள்ளி,
ஞாயிறு மதியம்.

மதிப்பிற்குரிய தமக்கையார் தங்கம்மாள் அவர்களுக்குத் தம்பி பச்சியப்பன் வணங்கி எழுதுவது. இங்கு நான், அம்பிகா, மகள் கலைமணி, மாடுகள் யாவரும் நலம். தருமபுரியில் தாங்களும் மாமாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், ஆகையால் கடிதம்.

அக்கா, இங்கே நடந்ததைக் கேள். கலைமணிக்கு நாளைக் காலை காலேஜில் செய்முறைத் தேர்வு. கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக ஒரு நெட்வொர்க் கட்டி, தகவல் தானே வழி கண்டுபிடித்துப் போகிற மாதிரி செய்து காட்டணுமாம். நல்லதுதானே என்று எட்டிப் பார்த்தால், அட கடவுளே, திரையில் பெட்டி பெட்டியாக நம்ம குடும்பம்! ஏரியா ஒன்று நம்ம வூடு, ஏரியா இரண்டு தீர்த்தமலை அண்ணன் வூடு, நடுவில் ஏரியா ஜீரோ, நீ! “என்னம்மா இது?” என்றேன். “ஒன்னும் ரெண்டும் நேரா பேசிக்காதுப்பா. எதுன்னாலும் ஜீரோ வழியாத்தான் போவணும். ஞாபகம் இருக்கட்டும்னு நம்ம பேரையே வெச்சேன்” என்கிறாள். குலதெய்வக் கோயில் கெடா விருந்தில் நான் வருமுன்னே பந்தி போட்ட அண்ணனோடு எனக்குப் பேச்சில்லை என்பது காலேஜ் வரைக்கும் போய்விட்டதா! அதுகூடப் போகட்டும். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று ஹலோ சொல்லிக்கொண்டே இருக்கணுமாம், நிறுத்தினால் செத்துப்போனதாகக் கணக்காம். எனக்கு வந்ததே கோபம்! அவள் சாப்பிடப் போன நேரம் அண்ணன் பெயர் போட்ட பெட்டியை அழித்துவிட்டு, பொறுப்பாக சேவ் பட்டனையும் அமுக்கிவிட்டேன்.

திரும்பி வந்தவள் போட்டாள் பாரு ஒரு சத்தம், பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி பறித்தவர்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். “பெரியப்பா வூட்டையே அழிச்சுட்டீங்களேப்பா! அதுக்குள்ள போட்டு வெச்சதெல்லாம் போச்சே! நாளைக்கு எதைக் காட்டுவேன், பெயிலுதான்!” ஐயோ, பிள்ளை படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே! அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓசூர் கம்பெனியில் இதே வேலை பார்க்கிற அண்ணன் மகன் ராஜாவுக்குப் போன் போடுகிறாள். நேராக, அக்கா! உன்னைக் கேட்காமல்! அவன் “என்ன பாப்பா, மறுபடியும் என்னாச்சு?” என்கிறான். மறுபடியுமாம்! அம்பிகா போனைப் பிடுங்கி, “அம்மாவுக்கு முட்டி வலி எப்படி சாமி இருக்குது? நேத்து சொன்ன தைலம் தேய்ச்சாங்களா?” என்கிறாள். நேற்றாம்! இத்தனை நாளாக தருமபுரி சுற்றிப் போய்க்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தானா? கேட்டால் உனக்கும் தெரியுமாம். அடிப்பாவி அக்கா!

போனில் சொன்னால் புரியாது, லீவுக்கு வூட்டுலதான் இருக்கேன், நானே வரேன் என்று ராஜா கிளம்பிவிட்டான். வரட்டும், பெட்டியைச் சரிசெய்யட்டும், சாப்பிடட்டும், போகட்டும். ஆனால் அண்ணனிடம் தெளிவாகச் சொல்லிவிடு: என் கட்டை வேகிற வரைக்கும் அவர் என் வாசல்படி மிதிக்கக் கூடாது. மாமாவுக்கு என் வணக்கம். தீர்த்தமலையான் அருளால் எல்லோரும் நன்றாக இருக்கட்டும், அண்ணனும் ஒரு ஓரமாக நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த தம்பி,
பச்சியப்பன்

பி.கு.: பெட்டிகள் எல்லாம் மறுபடி பச்சையாகிவிட்டன, கலைமணி சிரிக்கிறாள். ராஜாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து என் வாசல்படி மிதித்த ஆள்தான் போகிற வழியில் இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பார். முதலில் அழுதது அவர்தான். இல்லை என்பார், நம்பாதே.