கிழங்கு விளக்கும் நகரசபைக் கட்டளையும்

வின்டர்தூர்
28 ஐப்பசி 1996

மேன்மை தங்கிய மைத்துனர் திரு. தயாநிதி அவர்கட்கு,

இங்கு நான், உமது மனைவி ஜெயந்தி, உமது மகள் யாதவி ஆகிய மூவரும் தடிமன் நீங்கலாக நல்ல சுகம். அங்கு எங்கடின் மலை ஹோட்டலில் நீரும் தடிமன் நீங்கலாக இருக்க முருகப்பெருமானை வேண்டி, வேண்டின கையோடை விசயத்துக்கு வாறன்.

நான் இதெல்லாம் முதலே சொன்னனான். ஆவணி மாதமே, குசினி மேசையிலை இருந்து, என்ரை இடது முழங்காலைத் தடவிப் பாத்துச் சொன்னனான்: இந்த வருசம் இலை வேளைக்கு விழும், மணிக்கூட்டிலை கை வைப்பாங்கள், நெருப்புச் சம்பந்தமா ஒரு கதை வரும், கடைசியிலை மச்சானைக் கூப்பிட வேண்டி வரும் எண்டு. ஜெயந்தி சிரிச்சவள். இப்ப மூண்டு நடந்து போச்சு, நாலாவது உம்மிலை கிடக்கு. ஆகவே தலையங்கத்தை முதலே சொல்லிவிடுறன். கார்த்திகை ஒன்பதாம் திகதி சனிக்கிழமை, பொழுதுபட முதல், நீர் வின்டர்தூரிலை நிக்க வேணும். இது என்ரை விருப்பம் எண்டு நினையாதையும். நகரசபைக் கட்டளை. டெலிபோனிலை சொல்லலாம்தான், ஆனால் நீர் "ம்... ம்... பாப்பம்" எண்டுபோட்டு வைச்சுப்போடுவீர். கடுதாசி அப்பிடியில்லை, கீழை வைச்சாலும் அது தன்ரை பாட்டிலை கதைச்சுக்கொண்டு கிடக்கும்.

ரெண்டு கிழமைக்கு முதல் நகரசபையிலையிருந்து ஒரு பச்சைக் கடுதாசி வந்தது. இலையுதிர்காலத்திலை ஊர்ச்சனம் என்ன செய்ய வேணும், என்ன செய்யப்படாது எண்டு வரிசையாப் போட்டிருந்தாங்கள். என்னை மனசிலை வைச்சுத்தான் எழுதியிருக்க வேணும், ஏனெண்டால் முதல் வரியிலையே "பெருமதிப்புக்குரிய" எண்டு கிடந்தது. "அண்ணை, அது எல்லாற்றை பெட்டிக்குள்ளையும் போட்டவங்கள்" எண்டாள் ஜெயந்தி. எல்லாருக்கும் போட்டால் எனக்கு எழுதினது இல்லையெண்டு ஆகிவிடுமோ? உமக்குத் தெரியும்தானே, எனக்கு இவங்கடை டொச் பாசை எழுத்து முழுக்க விளங்கும், சொல்லுகள்தான் சிலது விளங்காது.

முதலாவது, இலை. இந்த நாட்டுச் சனத்துக்கும் இலைக்கும் என்ன பகையோ தெரியாது மச்சான். முதுகிலை ஒரு மெசினைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் வாறான், இலையெல்லாத்தையும் ஊதி ரோட்டின்ரை மற்றப் பக்கம் தள்ளுறான். மற்றப் பக்கத்திலை வேறையொருத்தன் நிண்டு திருப்பி ஊதுவானோ எண்டு ஜன்னலடியிலை தேத்தண்ணி ஆறிப்போகுமட்டும் காத்திருந்து பாத்தன். வரேல்லை. பிறகு ஒரு வாகனம் வந்து எல்லாத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகுது. எங்கை கொண்டு போறாங்கள்? அங்கையும் ஆரும் நிண்டு ஊதுறாங்களோ? யோசிக்க யோசிக்க எனக்கு நித்திரை வரேல்லை. நாங்களும் இந்த ஊருக்கு ஒரு உதவி செய்வம் எண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை எழும்பி, எங்கடை கட்டிடத்து முன்பக்கம் முழுக்கக் கூட்டிக் குவிச்சு ஒரு நெருப்பு வைச்சன். புகை நுளம்புக்கு நல்லது. நுளம்பு இல்லைத்தான், வந்தால் எண்டு. வைச்சதுதான் தாமதம், நாலு மாடியிலையும் ஜன்னல் திறந்தது, தீயணைப்பு வாகனம் மூண்டு வந்தது எண்டு எழுதத்தான் நினைச்சனான், உமக்குப் பொய் எழுதி என்ன பிரயோசனம், ஒண்டுதான் வந்தது. அது கட்டிடம் பாக்கிற ஹவுஸ்வார்ட் பூமரத்துக்குத் தண்ணி விடுற வாளி எண்டு ஜெயந்தி சொல்லுவாள். அவள் திரைச்சீலைக்குப் பின்னாலை நிண்டவள், வடிவாப் பாத்திருக்க மாட்டாள். "ஹெர் மூர்த்தி, இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை! ஞாயிற்றுக்கிழமை!" எண்டு ஹவுஸ்வார்ட் துள்ளினான். அந்த மனிசன் நெருப்புக்குக் கோவிச்சானோ, ஞாயிற்றுக்கிழமைக்குக் கோவிச்சானோ எண்டது எனக்கு இன்னும் பிடிபடேல்லை. "அப்ப திங்கக்கிழமை கொளுத்தலாமோ?" எண்டு மரியாதையாத்தான் கேட்டன். அதுக்குப் பதிலா வாளிதான் வந்தது.

ரெண்டாவது, மணிக்கூடு. போன வருசம் வரைக்கும் புரட்டாசியிலை மாத்தினவங்கள், இந்த வருசம் ஐப்பசிக் கடைசி மட்டும் இழுத்துப்போட்டாங்கள். இழுப்பாங்கள் எண்டு நான் சொன்னனான். பங்குனியிலை எங்களிட்டைப் பறிச்ச ஒரு மணித்தியாலத்தை இப்ப திருப்பித் தாறாங்களாம். இவ்வளவு நாளும் அதை எங்கை வைச்சிருந்தவங்களோ? நான் படுக்க முதல் கம்பியைப் பின்னுக்குத் தள்ளினன். ஜெயந்தி குசினி வேலை முடிச்சு வந்து, அண்ணை மறந்திருப்பார் எண்டு அவளும் தள்ளினாள். நேற்று நான் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்ச் சேரேக்கை கிழவியள் காலமைச் சாப்பாட்டை முடிச்சு வாயும் துடைச்சாச்சு.

மூண்டாவதுதான் முக்கியம், இதிலைதான் நீர் வாறீர். போன கிழமை யாதவி கிண்டர்கார்ட்டனிலையிருந்து ஒரு பையுக்குள்ளை ரெண்டு கிழங்கு கொண்டு வந்தாள். மேல்பாதி கத்தரிப்பூ நிறம், கீழ்பாதி வெள்ளை, நோக்கோலின்ரை பெரியப்பா மாதிரி. நகரசபை இலையுதிர்காலத்துக்கு வீட்டுக்கு ரெண்டு மரக்கறி பங்கிடுது எண்டு நான் உடனை விளங்கிக்கொண்டன். சங்கக்கடை வரிசையிலை நிண்டு பங்கீட்டுச் சாமான் வாங்கின எனக்கு இது தெரியாதோ? வெந்தயம் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு ஒரு வெள்ளைக்கறி வைச்சன். ஜெயந்தி ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டவள். பிள்ளை மட்டும் கோப்பையைப் பாத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "மாமா, என்ரை விளக்கு எங்கை?"

அடுத்தநாள் முதியோர் இல்லத்துக் கிழவியள்தான் எனக்குக் கதையைச் சொல்லிச்சினம். அந்தக் கிழங்கைக் குடைஞ்சு, தோலிலை நட்சத்திரம், நிலா எல்லாம் செதுக்கி, உள்ளுக்கை மெழுகுதிரி கொளுத்தி, தடியிலை தொங்கவிட்டுக்கொண்டு கார்த்திகை ஒன்பதாம் திகதி பொழுதுபடப் பிள்ளையள் எல்லாம் பாட்டுப் படிச்சு ஊர்வலம் போவினமாம். அதுக்கெண்டு ரோட்டு லைற்றை நிப்பாட்டுவினமாம்! ஏன் மச்சான் இப்பிடி? இவ்வளவு கறண்ட் கிடக்கிற நாட்டிலை அதை நூத்துப்போட்டுக் கிழங்குக்குள்ளை வெளிச்சம் தேடுற சனத்தை நான் எங்கையும் காணேல்லை. ஒரு தனி மனிசன் முற்றத்திலை கொளுத்தினால் வாளி. நூறு பிள்ளையள் ஊர்வழிய நெருப்புக் கொண்டு திரிஞ்சால் வாகனத்தை மறிச்சு வழி விடுகினம். உதைத்தான் நாடு எண்டுறது.

சரி, திண்டவன்தானே தேட வேணும் எண்டு வேறை ரெண்டு கிழங்கு வாங்கிக்கொண்டு வந்து குந்தினன். ஒண்டுக்கு அடியாலை ஓட்டை விழுந்திட்டுது. மற்றதிலை நட்சத்திரம் வெட்டினன், நல்ல கலைவேலைப்பாடு. யாதவி தலையைச் சரிச்சுப் பாத்துப்போட்டு, "மாமா, இவருக்கு ஏன் பல்லு வலிக்குது?" எண்டாள். ரெண்டும் சூப்பாப் போச்சு.

இண்டைக்குப் பின்னேரம் பிள்ளையைக் கூட்டப் போனம். ரீச்சர் வாசலிலை ஜெயந்தியை மறிச்சா. பிறகும் முறைப்பாடுதான் எண்டு நினைச்சன். ஆவணியிலை பள்ளிக்கூடம் துடங்கின நாளிலையிருந்து பிள்ளை அங்கை ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை எண்டு உமக்கும் தெரியும், இப்பிடியே போனால் இன்னொரு வருசம் வைச்சிருக்க வேணும் எண்டு அவ போன மாதம் சொன்னதும் தெரியும். ஆனால் மனிசியின்ரை முகம் சிரிச்ச முகமா இருந்தது. காலமை பிள்ளையளை வட்டமா இருத்தி, உங்களுக்கு ஆர் விளக்குச் செதுக்கித் தருவினம் எண்டு கேட்டாவாம். யாதவி கையை உயர்த்தினாளாம். உயர்த்தி, அவங்கடை பாசையிலை, எல்லாருக்கும் கேக்கச் சொன்னாளாம்: "என்ரை அப்பா. அவர் ஹோட்டலிலை கரட்டிலை பூ வெட்டுறவர். அவர் மலையிலையிருந்து வருவார்."

ஜெயந்தி சால்வையாலை மூக்கைத் துடைச்சுக்கொண்டு நிண்டாள். மொழிபெயர்க்க நிண்ட நான் அதைத் திருப்பி ரீச்சருக்கே தமிழிலை சொன்னன். நான் அப்பிடித் தடுமாறினது எண்டால் நீர் நம்பமாட்டீர்.

இப்ப கட்டளைக்கு வாறன். பச்சைக் கடுதாசியின்ரை கடைசிப் பந்தியிலை வடிவா எழுதியிருக்கு: ஊர்வலத்திலை தகப்பன் கட்டாயம் பிள்ளையோடை நடக்க வேணும். தகப்பன் வராத பிள்ளையை வரிசையிலை விடமாட்டினம். தாய்மாமன் செல்லாது எண்டு தனியா எழுதி, கீழை கோடும் போட்டிருக்கினம். நான் என்ன செய்ய? உம்மடை ஹோட்டல் இப்ப பூட்டிக் கிடக்கு, பனி விளையாட வாற ஆக்கள் வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேலை கிடக்கு. சாப்பிட ஆளில்லாத இடத்திலை நீர் ஆருக்காகச் சட்டி மினுக்கிறீர்? "முதலாளி லீவு தரான்" எண்டு நீர் சொல்லுறீர். கேட்டுத்தான் தரேல்லையோ, கேளாமலே தரேல்லையோ? போன வருசமும் நீர் கேக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நகரசபைக் கட்டளை எண்டு சொல்லும், இந்த நாட்டிலை அந்தச் சொல்லுக்கு மலையும் விலகும். வரேக்கை உம்மடை சின்னக் கத்தியை மறவாமல் கொண்டு வாரும்.

வேறு விசேடம் இல்லை. அம்மாளாச்சி உமக்கு வழுக்காத சப்பாத்தையும் வாய் திறந்து கேக்கிற தைரியத்தையும் தரட்டும்.

இங்ஙனம்,
உம்முடைய மனைவியின் ஒரே தமையனும்
நகரசபையின் பெருமதிப்புக்குரியவனுமாகிய
க. உருத்திரமூர்த்தி

பி.கு.: முத்திரை ஒட்டச் சொல்லிக் கடிதத்தை ஜெயந்தியிட்டைக் குடுத்தது என்ரை பிழை. நிண்ட நிலையிலை முழுக்க வாசிச்சுப்போட்டு, முத்திரையைக் கையுக்குள்ளை பொத்திக்கொண்டு நிக்கிறாள். "அண்ணை, தகப்பன் கட்டாயம் எண்டு எங்கை கிடக்கு? காட்டுங்கோ பாப்பம்." காட்டேலாது. அப்பிடி ஒரு பந்தி இல்லை, நான்தான் எழுதினனான். ஊர்வலத்தைப் பற்றி அதிலை கிடக்கிறது, அண்டைக்குப் பின்னேரம் அந்த ரோட்டிலை கார் விடாதையுங்கோ எண்டது மட்டும்தான். தாய் போகலாம், மாமனும் செல்லும், ஒருத்தரும் போகாட்டி ரீச்சர் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவாவாம். பிள்ளை சொன்னது மட்டும் சொன்னபடி, அது ஜெயந்தியும் கேட்டது. ஆகவே நீர் வராட்டி உம்மை ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம், யாதவியைத் தவிர. சூரிக்கிலை ரயில் மாறேக்கை நித்திரை கொண்டிடாதையும்.