பெட்டிக்குப் பெட்டி ஒரே அம்பு

இந்தத் தைப்பூசத்துக்கு மாமியார் வீட்டுக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்குவதை எப்படியாவது தடுத்துவிடுவது என்று பரணிதரன் மார்கழியிலேயே சபதம் எடுத்துக்கொண்டான். திருவிடைமருதூரில் திருவிழா பத்து நாள். அவன் வீட்டிலோ குளியலறை ஒன்றுதான். போன வருஷம் முத்துப்பேட்டையிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பத்து நாளும் ஆபீஸ் மீட்டிங்கில் அவன் எண்ணெய்த் தலையோடுதான் முகம் காட்டினான்.

மனைவி ஷோபனாவிடம் நேராகச் சொல்லப் பயம். அவள் சண்டை போடமாட்டாள். "சரிங்க" என்பாள். அதுதான் ஆபத்து.

ஆகவே தொழிலைத் துணைக்கு அழைத்தான். வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவன் அவன். எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசுகிறது என்று படம் போட்டுத் தருவான். கையால் வரைவதில்லை. பெயர்களையும் நடுவே அம்புக்குறிகளையும் வரிவரியாக டைப் செய்தால் படம் தானே வந்து நிற்கும்.

இதற்கும் ஒன்று போட்டான். இடப்பக்கம் 'முத்துப்பேட்டை' என்று ஒரு பெட்டி. அதற்குள் மாமனார் கோவிந்தராசு, மாமியார் கமலாம்பாள், மச்சான் மதிவாணன், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு சித்தப்பா. வலப்பக்கம் 'நம்ம வீடு' என்று இன்னொரு பெட்டி. அதற்குள் திருவிழாவின் பத்து நாட்கள். ஆளுக்கு ஒரு நாள், ஒரு அம்பு. மாமியாருக்கு மட்டும் மரியாதைக்கு மூன்று.

ஷோபனா வெகுநேரம் பார்த்தாள். நியாயமாகத்தான் இருக்கிறது என்றாள். அவனுக்கே நம்ப முடியவில்லை. ஆனால் கோடெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடியாப்பமாகக் கிடக்கிறதே, அப்பாவுக்கு போனில் புரியாதே என்று கவலைப்பட்டாள்.

"பெட்டியிலேருந்து பெட்டிக்கு ஒரே அம்பா போட முடியாதாங்க?"

"உள்ள இருக்கிற பேருக்குத்தான் போட்டுப் பழக்கம். பெட்டிக்கே போடுறது லேசில்ல ஷோபனா."

"உங்களால முடியாதுன்னா விட்டுடுங்க."

சொல்லிவிட்டு அவள் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவனால் விட முடியவில்லை. அம்பின் முனையில் பெட்டியின் பெயரைக் கொடுத்துப் பார்த்தான். அதே பெயரில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. ஒரு முத்துப்பேட்டைக்கே வழியில்லாதவன் முன்னால் இப்போது இரண்டு முத்துப்பேட்டை. சாப்பாடு ஆறியது. கடைசியில் மூன்று மணிக்குச் சூட்சுமம் பிடிபட்டது. அம்பை உள்ளே இருக்கும் ஒருவரிடம் தொடங்கி, பெட்டி ஓரத்தோடு வெட்டிவிடச் சொல்ல வேண்டும். மற்ற கோடுகளை எல்லாம் அழித்தான். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக, வாய்க்கால் வெட்டியதுபோல ஒரே அம்பு.

டீ கொண்டுவந்த ஷோபனா அசந்துபோனாள். "எவ்வளவு அழகா இருக்கு. குடும்ப குரூப்புல போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

போட்டான். டீ ஆறுவதற்குள் மதிவாணனிடமிருந்து பதில் வந்தது. அறுப்பு முடிந்து எல்லாரும் சும்மாதான் இருக்கிறோம், வேன் சொல்லியாச்சு, பெட்டியும் கட்டியாச்சு மாப்ள.

பரணிதரன் அப்போதுதான் தான் போட்ட படத்தை முதல்முறையாகப் படித்தான்.

"ஷோபனா, ஆளுக்கு ஒரு நாள்னுதானே..."

"பெட்டிக்குப் பெட்டி அம்பு போட்டா, அத்தனை பேரும் பத்து நாளும்னுதானேங்க அர்த்தம்?"

அழித்துவிடலாமா என்று போனை எடுத்தான். சித்தப்பா வரைக்கும் பார்த்தாகிவிட்டது.

கொடியேற்றத்தன்று காலை வேன் வந்து நின்றது. முதலில் இறங்கிய கமலாம்பாளுக்குக் கண் கலங்கியிருந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒரு தடவை கூடக் கூப்பிட்டதில்லையே என்று இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒரு குறை இருந்ததாம். படமே போட்டுக் கூப்பிட்டதும் அது தீர்ந்துவிட்டதாம். பரணிதரன் வேகமாகப் படியிறங்கினான். வாங்க, உள்ள வாங்க என்று பையை வாங்கிக்கொண்டான்.

படியேறிய மாமியார் திரும்பி நின்று அன்பாகச் சொன்னார்: "அடுத்த வருஷத்துக்குன்னு தனியா ஒண்ணு போட்டுச் சிரமப்படாதீங்க மாப்பிள்ள, இதுவே போதும்."