பேரவைக்கு எழுப்பிய மண்டபம்

கடலுக்கு இந்தப் பக்கம், மலைக்கு அந்தப் பக்கம் ஆழிவேலி என்றொரு நாடு. அந்த நாட்டுக்கு ஒரே ஒரு பல்கலைக்கழகம். அரசரே அதன் வேந்தர். அவருக்குப் படிப்பு வாசனை கிடையாது என்பதால் துணைவேந்தர் ஒருவரை நியமித்திருந்தார். துணைவேந்தருக்கோ அரசரைப் புகழவே பொழுது போதவில்லை. ஆகவே பல்கலைக்கழகம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

உப்பளக்கரையிலிருந்து தாவரவியல் படிக்க வந்தவள் பூங்கோதை. வகுப்பில் பெயரைக் கேட்டாலே குரல் உள்ளே போய்விடும். ஒருநாள் உணவுக்கூடத்தில் தீர்த்தகிரி எதிரே வந்து உட்கார்ந்தான். மாணவர் பேரவையின் செயலாளர் அவன்.

“பெண்கள் விடுதிக்குப் பேரவையில ஆளில்ல. நீ நில்லும்மா.”

“எனக்குப் பேச வராதுண்ணா.”

“குழாயில தண்ணி வரலன்னு சொல்ல வருமில்ல? அது போதும்.”

நின்றாள், ஜெயித்தாள். சொன்னாள், தண்ணீர் வந்தது. தன் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தால் ஒரு குழாய் திறந்துகொண்டதை அவளால் நெடுநாள் நம்ப முடியவில்லை.

மாடிப்படிக்கு அடியில் இருந்தது பேரவையின் அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அங்கேதான் மைதா காய்ச்சிச் சுவரொட்டிக்குப் பசை செய்தார்கள். சண்டை போட்டார்கள். பூங்கோதையின் தீர்மானத்தைக் கிழிகிழியென்று கிழித்த எதிரணிக்காரியே சாப்பாட்டு வேளையில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய அந்த நாட்களில்தான் தனக்கென்று ஒரு குரல் வந்தது என்று பூங்கோதை பிற்காலத்தில் சொல்வதுண்டு.

தண்ணீர் கேட்டவர்கள் ஆசிரியர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பிறகு, அரசரை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார்கள். கல்வி அமைச்சர் நேரில் வந்துவிட்டார்.

“கேள்வி கேட்பது மாணவர்களின் பிறப்புரிமை. எனவே, அரசிடம் பதில் உள்ள கேள்விகளை மட்டும் கேட்கலாம் என ஆணையிடப்படுகிறது” என்றார்.

அடுத்த பருவத்தில் இன்னொரு ஆணை வந்தது. பல பேர் போட்டியிட்டால் வாக்காளர்கள் குழம்புகிறார்கள். ஆகவே பதவிக்கு ஒருவரே போட்டியிட வேண்டும், அந்த ஒருவரைத் துணைவேந்தர் அறிவிப்பார். அப்படி அறிவிக்கப்பட்டவன் துணைவேந்தரின் மருமகன். விடுதியில் மறுபடி குழாய் வறண்டது. சோற்றில் கல் கூடியது.

“முன்பெல்லாம் எத்தனை புகார்கள்! இப்போது ஒன்றுகூட இல்லை. குறைகள் ஒழிந்தன” என்று துணைவேந்தர் அரசருக்கு அறிவித்தார். அரசர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

நூலக மைதானத்தில் மாணவர்கள் கூடினார்கள். பூங்கோதை பேசினாள். ஊர் வந்து சேர்ந்துகொண்டது. காவலர்களின் தடியடியில் தீர்த்தகிரியின் கை முறிந்தது. ஆனாலும் மைதானம் கலையவில்லை. கடைசியில் கலைந்தது அரசாட்சிதான்.

வந்த தேர்தலில் மைதானத்துக்காரர்கள் நாட்டை ஆள வந்தார்கள். தீர்த்தகிரி முதல்வரானான். பூங்கோதை பதவி எதுவும் கேட்காமல், மேலே படித்து, அதே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியை ஆனாள்.

ஆண்டுகள் பல ஓடியும் அந்த ஆட்சியாளர்களுக்குப் பழைய நாட்கள் மீது தீராத பாசம். அமைச்சரவை கூடினாலே மாடிப்படி அறையைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பாசத்தில் ஆணைகள் பிறந்தன. நூலக மைதானம் புனிதமானது; ஆகவே அங்கே எவரும் கூடக் கூடாது. அதன் நடுவே மாணவர் எழுச்சி நினைவு மண்டபம் எழுப்பப்படும். பேரவை தன் குறிக்கோளை அடைந்துவிட்டது. ஆகவே நன்றியுடன் நிறைவு செய்யப்படுகிறது.

பூங்கோதை முதல்வரைத் தேடிப் போனாள்.

“பேரவைய எதுக்குண்ணா கலைச்சீங்க?”

“கலைக்கல கோதை, நிறைவு செஞ்சோம். அதான் நாம வந்துட்டோம்ல?”

“பிள்ளைங்க தேர்தல் கேக்குறாங்க.”

“நம்மள மாதிரியா இவங்க? இவங்கள யாரோ தூண்டி விடுறாங்க.”

“அரசரும் நம்மளப் பத்தி இதைத்தானே சொன்னாரு.”

“அவரு சொன்னது பொய்,” என்றார் தீர்த்தகிரி, மிகவும் வருத்தத்தோடு. “திறப்பு விழாவுக்கு வந்துரு. நீதான் முக்கியமாப் பேசணும்.”

வந்தாள். மண்டபம் அழகாகவே இருந்தது. தடியடி நாளைப் பற்றிச் சொல்லும்போது முதல்வரின் குரல் உடைந்தது. அதில் நடிப்பில்லை. முன்வரிசையில் நரைத்த தலைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. பூங்கோதைக்கும் கண் நிறைந்தது. எல்லாரும் எவ்வளவு இளமையாக இருந்தோம், எவ்வளவு துணிந்திருந்தோம்! வெளியே கோஷம் கேட்டது. ஒரு கணம், அதுவும் தன் நினைவில்தான் கேட்கிறது என்று எண்ணிவிட்டாள். பிறகு எழுந்து வெளியே வந்தாள்.

மைதானத்தின் ஓரத்தில் கயிறு கட்டி மாணவர்களை நிறுத்தியிருந்தார்கள். காவலர்கள் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவள் அவளுடைய வகுப்பு மாணவி அஞ்சுகம்.

“உள்ள ஒரே கைதட்டலா இருக்கே மேடம். மாணவர்களப் பத்தியா பேசுறாங்க?”

“ஆமாம்மா.”

“எங்களப் பத்தியா?”

“இல்லம்மா,” என்றாள் பூங்கோதை. “எங்களப் பத்தி.”

உள்ளே ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தது. பூங்கோதை கயிற்றைத் தூக்கி, குனிந்து, அந்தப் பக்கம் போனாள்.