பதினாலாம் அறை வாசலில் ஏழு ஜோடிச் சப்பாத்து

சேசு மரி சூசை துணை

ஜெனோவா, இத்தாலி
1925, மே மாதம்

கிள்ளானில் வாசம் செய்யும் என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய சம்பந்தி ரபேல் அவர்களின் சமுகத்துக்கு, பிரிக்பீல்ட்ஸ் கிரிகரி, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அநேகத் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையாலும், ரோமாபுரியில் புனித வாசலைக் கடந்து வந்த புண்ணியத்தாலும் நானும் என் பாரியாள் உர்சுலாவும் சுகமாயிருக்கிறோம். தாங்களும் சம்பந்தியம்மாளும் எங்கள் வருங்கால மருமகள் பெர்னடெட்டும் அவ்விதமே சுகமாயிருக்க ரோமாபுரியில் நான் நுழைந்த கோயிலிலெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றினேன். இதைத் தங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று உர்சுலா சொன்னாள்.

தங்கள் தந்தி கிடைத்தது. “போலீஸ் சங்கதி கேள்வி. ஓலை நிறுத்தம். விளக்கம் தேவை” என்று கண்டிருந்தது. என் மகன் வாலண்டைனுக்கும் தங்கள் மகளுக்கும் கோயிலில் முதல் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகி, இன்னும் இரண்டே ஓலை பாக்கி, நாங்கள் கப்பலை விட்டு இறங்கியதும் கல்யாணம் என்று எல்லாம் கூடி வந்திருக்கிற நேரத்தில் இப்படி ஒரு தந்தி வந்தால் எந்தத் தகப்பன்தான் பொறுத்திருப்பான். உடனே ஓடிப்போய், “போலீஸ் அல்ல. தீயணைப்புப் படை. கடிதம் வருகிறது” என்று பதில் தந்தி கொடுத்தேன். திரும்பி வந்து உர்சுலாவிடம் சொன்னபோது, அதற்குச் சும்மாவே இருந்திருக்கலாம் என்றாள். ஆகவே நடந்ததை நடந்தபடியே இதில் எழுதுகிறேன். இது நாளைய தபால் கப்பலில் வரும். எங்கள் கப்பல் அடுத்த வாரம்தான்.

ரோமாபுரி யாத்திரை முடிந்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் மார்செய்ல்ஸ் பக்கம் போய்விட்டார்கள். கிள்ளான் டோரிஸ் டீச்சர் இங்கே கன்னியர் மடத்தில் தங்கினார். நாங்கள் தம்பதியாக இருப்பதால் மடத்தில் இடமில்லை என்று, பழைய நகரத்துக்குள் ‘மூன்று மணி’ என்கிற ஓட்டலுக்கு அனுப்பினார்கள். நானூறு வருஷத்துப் பழைய ஓட்டல் என்று மானேஜருக்கு ஒரே பெருமை. தெரு எவ்வளவு குறுகல் என்றால், எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டால் எங்கள் ஜன்னலில் சொட்டுகிறது. படியெல்லாம் நடுவில் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. எங்கள் கட்டிலில் முன்னொரு காலத்தில் ஒரு இளவரசர் படுத்தாராம், அதற்குப் பலகை அடித்து வைத்திருக்கிறார்கள். அவர் படுத்து எழுந்த பிறகு யாரும் அதைப் பழுது பார்க்கவில்லை என்பது அன்றைக்கே என் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது. நம் ரயில்வே குவாட்டர்ஸ் இந்த நிலையில் இருந்தால் இடித்துக் கட்டச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பியிருப்போம். இங்கே அதற்கே கூடுதல் வாடகை.

ஆனாலும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வந்த அன்று மாலை நடைவழியில் பார்க்கிறேன், ஒவ்வொரு அறை வாசலிலும் ஒவ்வொரு ஜோடிச் சப்பாத்து கழற்றி வைத்திருக்கிறது. வெள்ளைக்காரர் சப்பாத்துக் காலோடு படுக்கையறை வரைக்கும் போவார்கள் என்றுதானே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த ஊர்க்காரர் அப்படியல்ல, நம்மைப் போலவே வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிற மரியாதைப்பட்டவர்கள் என்று சந்தோஷப்பட்டு நாங்களும் எங்களுடையதைக் கழற்றி வாசலில் வைத்தோம். மறுநாள் காலையில் என் சப்பாத்து முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. இத்தாலியில் காற்று அவ்வளவு சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு குளிக்கிற சங்கதி. இங்கே குளிக்கிற அறையில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு பீங்கான் தொட்டி. அதற்குள் நாமே இறங்கி உட்கார்ந்தால் குடிக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் மாடு இறங்கின மாதிரி ஆகாதா. எனவே நான் தொட்டி நிறைய நீர் பிடித்து, பக்கத்தில் தரையில் நின்று, பூ ஜாடியால் மொண்டு மொண்டு, நம் ஊரில் குளிப்பது போல நன்றாக ஊற்றிக் குளித்தேன். தரையில் தண்ணீர் போக வழியே வைக்கவில்லை என்பது கீழே சாப்பாட்டு அறையிலிருந்து சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அங்கே கூரையில் பழங்காலத்து ஓவியமாகச் சிறகு விரித்து ஒரு சம்மனசு பறக்கிறது. அதன் மூக்கிலிருந்து சூப்புக் கிண்ணத்தில் சொட்டியிருக்கிறது. மானேஜர் நெடுநேரம் பேசினார். நல்லவேளையாக இங்கிலீஷில் தொடங்கி இத்தாலிய பாஷையில் முடித்தார். பிறகு எங்களைக் குளிக்கிற அறையே இல்லாத மேல்மாடிக்கு, பதினைந்தாம் நம்பர் அறைக்கு மாற்றினார்.

இனிமேல்தான் தாங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். மறுநாள் விடியற்காலைப் பூசைக்குப் புறப்பட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், பக்கத்துப் பதினாலாம் அறை வாசலில் ஏழு ஜோடிச் சப்பாத்து. ஏழும் பெண்கள் போடுகிறது, ஏழும் கறுப்பு. சம்பந்தி அவர்களே, தங்கள் மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். கிள்ளானில் ஒரு வீட்டு வாசலில் விடியற்காலையில் ஏழு ஜோடிச் செருப்பு கிடந்து, உள்ளே மேளமும் இல்லை, சமையல் வாசனையும் இல்லை என்றால் தாங்கள் என்ன நினைப்பீர்கள்? இழவு என்றுதானே. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சுவர் தள்ளி ஒரு சாவு கிடக்கும்போது நமக்கென்ன என்று படியிறங்கிப் போக நாம் என்ன மிருகமா? உர்சுலா கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். நான் ரோமாபுரியில் மந்திரித்த மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டேன். எங்கள் சப்பாத்தையும் அந்த ஏழோடு ஒன்பதாக வரிசையாய் விட்டுவிட்டு, வெறுங்காலோடு கதவைத் தள்ளினோம். கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. அதுவும் இழவு வீட்டு லட்சணம்தானே.

உள்ளே பெரிய கட்டில். அதில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மாள், கண்ணை மூடி, இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து, கையில் செபமாலையோடு கிடத்தியிருக்கிறது. முகம் மெழுகு நிறம். சுற்றிலும் பார்க்கிறேன், ஒரு ஈ காக்காய் இல்லை. ஏழு பேர் வந்தவர்கள் எங்கே போனார்கள்? சவப்பெட்டி சொல்லப் போயிருப்பார்களோ, காப்பி குடிக்கப் போயிருப்பார்களோ, எப்படியிருந்தாலும் பிணத்தை ஒண்டியாக விட்டுவிட்டா போவது? இதைப் பார்த்ததும் உர்சுலாவுக்குப் பொறுக்கவில்லை. கட்டில் காலில் விழுந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டாள். வாசலிலேயே கண்ணியமாக நின்றுகொண்டிருந்த நான், “மெதுவா, மெதுவா” என்று சொல்லியும் கேட்கவில்லை.

“சீமையில பொறந்தவளே, சில்லுன்னு கெடக்கிறியே,
ஏழு ஜோடி இருந்தும் உனக்கு எடுத்துப் போட ஆளில்லையே”

என்று அங்கேயே கட்டி அங்கேயே பாடினாள். இரண்டாவது அடியில் குரல் ஏறி, ‘ஆளில்லையே’யில் உடைந்து இறங்கியது. குற்றம் சொல்வது என் நோக்கமல்ல என்பதால் சொல்கிறேன், அருமையான ஒப்பாரி. மோனை, இயைபு எல்லாம் சுத்தம்.

அப்போது அம்மாள் கண்ணைத் திறந்தாள்.

புனித ஆண்டில், மந்திரித்த மெழுகுவர்த்தி எதிரே, செத்தவள் கண் திறந்தால் ஒரு கத்தோலிக்கன் அதை அற்புதப் புதுமை என்று எடுத்துக்கொள்வானா, அல்லது தூக்கம் கலைந்தது என்று எடுத்துக்கொள்வானா? நான் நடைவழிக்கு ஓடி வந்தேன். உலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு துடிப்பு. சுவரில் ஒரு கயிறு தொங்கியது, மேலே ஒரு மணி. ஸ்டேஷனில் ஆயுசு முழுவதும் மணி அடித்த கை, தன்னால் போய் இழுத்துவிட்டது. ஓட்டலுக்குப் பேர் தந்த மூன்று மணிகளில் அது ஒன்று என்பதும், நெருப்புப் பிடித்தாலொழிய அதை யாரும் தொடுவதில்லை என்பதும் பிறகு மானேஜர் சொல்லித்தான் தெரியும்.

ஓட்டலில் இருந்த அத்தனை பேரும் ராத்திரி உடுப்போடு கதவைத் திறந்தார்கள், வாசலைப் பார்த்தார்கள், அங்கே சப்பாத்து இல்லை. சற்று முன்புதான் வேலையாள் எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக்கொண்டு கீழே மெருகு போடக் கொண்டுபோயிருக்கிறான். இந்த ஊர் வழக்கம் அதுவாம். உள்ளே போகிற மரியாதைக்காக அல்ல, மெருகு போடுவதற்காகத்தான் வாசலில் வைக்கிறார்களாம். இதை வந்த அன்றே யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. இப்படியாக ஒரு ஜெர்மன் தம்பதி, இரண்டு பாதிரிமார், ஒரு பட்டு வியாபாரி, மானேஜர், நாங்கள், எல்லோரும் வெறுங்காலோடு தெருவில் ஈரக் கல்லில் நின்றோம். தீயணைப்புப் படை வந்தது. வண்டி தெருவுக்குள் நுழையாததால் குழாயை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். நெருப்பு எங்கே என்று தலைவர் கேட்டதற்கு மானேஜர் என்னைக் கைகாட்டினார். ஓரமாக நின்ற ஒரு போலீஸ்காரர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார், அதுவும் எழுத்துக்கூட்டத் தெரியாமல் இரண்டு முறை. போலீஸ் சங்கதி இவ்வளவே. அந்த நேரம் பார்த்தா டோரிஸ் டீச்சர் பூசைக்கு அந்தத் தெரு வழியாக வர வேண்டும்? என்னையும் பார்த்து, என் காலையும் பார்த்து, குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனவர், நேரே தந்தி ஆபீசுக்குத்தான் போயிருக்கிறார்.

பதினாலாம் அறை அம்மாள் ஒரு கப்பல் காப்டனின் விதவை. பல வருஷமாக அங்கேயே குடியிருக்கிறாள். ஏழு ஜோடியும் அவளுடையதேதானாம். எங்கும் போகாதவளுக்கு ஏன் தினமும் ஏழுக்கும் மெருகு என்று மானேஜருக்கும் தெரியவில்லை. நாங்கள் மன்னிப்புக் கேட்டோம், தலையை ஆட்டினாள். அதோடு அந்த வாசலை நாங்கள் மிதிக்கவில்லை, மிதிக்கவும் மாட்டோம். இனிமேல் எந்த இழவு வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை என்று உர்சுலா தேவமாதா மேல் ஆணையிட்டிருக்கிறாள். குடும்பத்தலைவன் என்ற முறையில் நான் அவளைக் கண்டித்தும் விட்டேன். எனவே சம்பந்தி அவர்கள், ஒரு பெண்பிள்ளையின் இளகின மனசுக்காக இரண்டு பிள்ளைகளின் வாழ்வை நிறுத்திவைக்காமல், பங்குச் சுவாமியிடம் சொல்லி மீதி இரண்டு ஓலையையும் வாசிக்கச் செய்யும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வாலண்டைன் சாதுவான பையன். வீட்டில் அவன் குரலே கேட்காது.

சம்பந்தியம்மாளுக்கு என் தோத்திரமும், பெர்னடெட்டுக்கு என் ஆசீரும், தங்கள் வீட்டு வாசலுக்கு அர்ச்சியசிஷ்ட சூசையப்பரின் காவலும் உண்டாவதாக.

தங்கள் அன்பு மாறாத,
கிரிகரி

பின்குறிப்பு:

ரபேல் அண்ணனுக்கு உர்சுலா எழுதிக்கொள்வது. இதைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சின்ன வயசில் மடத்துச் சிஸ்டர்மார் எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்ததை இந்த மனுஷர் அடிக்கடி மறந்துபோகிறார்.

அண்ணே, வாசலில் நின்றது நான். கட்டில் காலில் விழுந்தது அவர். “போர்வை ஏறி எறங்குதுங்க, மூச்சு வருது, வாங்க போயிடலாம்லா” என்று நான் கோட்டைப் பிடித்து இழுக்க இழுக்க, கேட்காமல் நெஞ்சில் அடித்துக்கொண்டார். அந்த ஒப்பாரியும் அவருடையதுதான். எனக்கு இரண்டு வரி சேர்த்துப் பாட வராது. பிரிக்பீல்ட்ஸில் இழவு வீட்டுக்காரர்கள் இவருக்குக் கடைசியாகத்தான் சொல்லி அனுப்புவார்கள். முன்னாலேயே வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் அழ இடமிருக்காது. தேவமாதா மேல் ஆணை எதுவும் நான் இடவில்லை. கண்டித்ததும் நான்தான்.

அந்த அம்மாளுக்கும் எனக்கும் ஒரே அளவு இங்கிலீஷ் என்பதால் பேசுவது நன்றாகப் புரிகிறது. ஏன் ஏழு ஜோடி என்று கேட்டேன். வாசலில் நிறையக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிற மாதிரி இருக்குமாம். ஆக, வாசலைப் பார்த்து இவர் நினைத்தது ஒன்றும் தப்பில்லை. தான் செத்தால் அழ ஒருவரும் இல்லை என்று இருந்தாளாம். இப்போது தினமும் காப்பி வேளைக்கு இவரைக் கூப்பிட்டு அனுப்புகிறாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள், இவர் அழுகிறார், அவள் கேட்டுக் கேட்டு ஆனந்தமாகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இதை எழுதும்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் அதுதான் நடக்கிறது. நேற்றிலிருந்து மானேஜரும் நாற்காலி போட்டுக்கொண்டு கேட்கிறார்.

ஓலையை வாசிக்கச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் உங்கள் இஷ்டம். ஆனால் உங்கள் மகன்மார் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும், கூட்டத்தில் கண்ணீர் விட வெட்கப்படுகிறவர்கள். நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால், தேவமாதா அதை நூறு வருஷம் தள்ளிப்போடட்டும், கிள்ளான் முழுக்கக் கேட்கிற மாதிரி அழ ஒரு ஆள் வேண்டாமா?

வாலண்டைனுக்கும் அப்பாவின் தொண்டைதான். யோசித்துக்கொள்ளுங்கள்.