சித்தியின் கோழி அரசுப் பணியாற்றிய வரலாறு

மனித அறிவின் உச்சகட்டச் சாதனை எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் சக்கரம், மின்சாரம் என்று எதையாவது உளறுவார்கள். பாவம், அவர்கள் எங்கள் நகராட்சியின் பிராணி வளர்ப்புச் சட்டத்தைப் படித்ததில்லை. நான் படித்திருக்கிறேன். நின்றுகொண்டு படித்தேன், அதற்குரிய மரியாதை அது.

அதன் சாரம் இதுதான். குடியிருப்பில் வளர்க்கப்படும் பிராணியால் ஏதாவது பயன் இருந்தால், அது 'தொழில்'. குடியிருப்பில் தொழிலுக்கு அனுமதி இல்லை. ஒரு பயனும் இல்லையென்றால், அது 'செல்லம்', தாராளமாக வளர்க்கலாம். என்ன தெளிவு! ஒரு சொட்டுக் குழப்பம் உண்டா?

குழப்பம் என் சித்தி வீட்டுக் கோழியால் வந்தது. அதன் பெயர் மேடம். நடை அப்படி. சித்தப்பா வெளியூர் வேலைக்குப் போனபின், சித்தியின் பேச்சைக் குறுக்கே பேசாமல் கேட்ட ஒரே ஜீவன் அதுதான். சித்தி நாள் முழுக்க பள்ளிச் சீருடை தைப்பாள். மேடம் துணிக்குவியலின் மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். அவ்வப்போது முட்டையும் இடும். அது ஒன்றுதான் அதன் மேலிருந்த கறை.

கீழ்வீட்டு மாமா, காலையில் தூக்கம் கெடுகிறது என்று புகார் கொடுத்துவிட்டார். நகராட்சியிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. பயனுள்ள கோழி என்று தெரிந்தால் பறிமுதல். சித்தி அன்று சாப்பிடவில்லை. நான் கல்லூரியில் படிப்பது தாவரவியல் என்றாலும், குடும்பத்தில் வேறு ஆள் இல்லாததால் சட்ட ஆலோசகராக நியமிக்கப்பட்டேன். எங்கள் வாதம் எளிமையானது: மேடம் எதற்கும் உதவாது.

கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். பிராணிகள் பிரிவு ஓர் அமைதிப் பூங்கா. பெரும்பாலான நாற்காலிகளில் ஆட்கள் இல்லை, பைகள் இருந்தன. பை இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. அதேபோல, ஓர் இருக்கையில் எந்த வேலை நடந்தாலும், அதை யார் செய்திருந்தாலும், அந்த இருக்கையின் பெயரில்தான் பதிவாகும் என்று அதிகாரி பெருமையோடு விளக்கினார். தனிமனிதப் புகழை வெறுக்கும் இடம்.

பிறகு விசாரணை தொடங்கியது.

"முட்டை போடுமாம்மா?"

"அவ்வளவு சாமர்த்தியம் அதுக்கு ஏது சார்" என்றாள் சித்தி.

"பின்ன என்னதான் செய்யும்?"

"சாப்பிடும், தூங்கும். யாராவது வந்து கேள்வி கேட்டா முறைக்கும். அவ்வளவுதான்."

அதிகாரி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் பரிவோடு தலையசைத்தார். 'செல்லம்' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து மேடம் கூடையிலிருந்து இறங்கியது. பை வைக்க மறந்துபோன ஒரு நாற்காலியில் ஏறியது. அறையே கேட்கும்படி கொக்கரித்தது. எழுந்தபோது, நாற்காலியில் முட்டை.

சித்தியின் முகம் வெளிறிவிட்டது. நான்தான் வாயைத் திறந்தேன். அரசுப் பணியிலுள்ள பிராணிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. காவல் நாய்களுக்காக எழுதியது. ஆனால் நாய் என்று போட மறந்துவிட்டார்கள்.

"இருக்கையில நடந்த வேலை ஆபீஸ் வேலைன்னு நீங்கதான சார் சொன்னீங்க. அப்ப முட்டை ஆபீஸ் முட்டை. போட்டது ஆபீஸ் ஆள்."

அதிகாரி முட்டையைப் பார்த்தார். அந்த இருக்கையிலிருந்து ஏதாவது வெளிவந்து பல காலம் ஆகியிருந்தது. மாதாந்தர முன்னேற்ற அறிக்கையில் எழுத ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். கண் கலங்கி மேடத்தைப் பணியில் சேர்த்துக்கொண்டார். மாலையில் வீட்டுக்குப் போகலாம், தானியம் அலுவலகச் செலவு.

மேடத்தின் பணிக்காலம் பொற்காலம். சித்தி காலையில் கூடையோடு கொண்டுபோய் விடுவாள். மேடம் வந்ததும் வேலையை முடித்துவிடும். அங்கேதான் வினை. அந்த அலுவலகத்தில் வேலை நடக்கிறது என்று ஊருக்குள் வதந்தி பரவியது. மக்கள் மனுக்களோடு வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். வெளியே போயிருந்த ஊழியர்கள் தங்கள் பைகளைத் தேடித் திரும்பி வர வேண்டியதாயிற்று.

மூத்த எழுத்தர் அக்கா ஒருவர் சித்தியை ஓரமாக அழைத்துப் போனார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது பாட்டுக்கு வந்த உடனே முடிச்சிட்டு உக்காந்துக்குது. கூட இருக்கிறவங்களைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? எங்களுக்கும் குடும்பம் இருக்கு."

மேடம் திருந்தவில்லை. மறுநாளும் இட்டது. 'யாரும் கோராத நிலையில், அலுவலக நேரத்தில் தொடர்ந்து பணிபுரிந்தமைக்காக' இடைநீக்கம் செய்யப்பட்டது.

உத்தரவை வாங்கச் சித்தியோடு நானும் போயிருந்தேன். சித்தி அங்கேயே பதறிப்போய் என் சட்டையைப் பிடித்தாள். "டேய், வேலை போச்சுன்னா அது மறுபடியும் கோழி ஆயிடுமேடா. தூக்கிட்டுப் போயிடுவாங்களே."

உத்தரவை வாங்கிப் படித்தேன். இடைநீக்கம் வேறு, பணிநீக்கம் வேறு. விசாரணை முடியும்வரை மேடம் அரசு ஊழியர்தான். வீட்டை விட்டு எங்கும் போகக் கூடாது. பாதித் தானியம் வந்துசேரும். அந்த அலுவலகத்தில் விசாரணை முடிவதற்குள் மேடம் மட்டுமல்ல, மேடத்தின் கொள்ளுப்பேத்திகளும் முதுமை எய்திவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். மீதிப் பாதித் தானியத்தைத் தானே போடுவதாக மேடத்திடம் வாக்குக் கொடுத்தாள்.

கூடையோடு வெளியே வந்தபோது அதிகாரி வாசல்வரை வந்து வழியனுப்பினார். பண்பாளர். "மனசுல வச்சுக்காதீங்கம்மா, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார்.

உண்மைதான். ஊருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று வாழ்கிற அலுவலகம் அல்ல அது. பயன் தரும் ஜீவன் ஒன்றைக்கூட அவர்களும் உள்ளே வைத்திருப்பதில்லை.